சுரங்கத்துக்குள் போய் வந்தவர்

கோட்டைக்கு அடியிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு ரகசியச் சுரங்கம் போகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதற்குள் போய் வந்த ஒரே ஆள் என்று பெயர் வாங்கியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சின்ன வயதில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்ததாக நாற்பது வருஷமாக அளந்துகொண்டிருந்தார். கேட்டவர்களும் வாயைப் பிளந்தார்கள்.

அவருடைய மகள் வரலாற்று ஆய்வாளர். தொலைக்காட்சியில் பழைய மர்மங்களைத் துருவும் நிகழ்ச்சியை நடத்துகிறவள். மேக்கப் கலையாமல் வாசலில் நின்று கண்ணை உருட்டிப் பேசிவிட்டுக் கிளம்புகிற ரகம் அல்ல. கேமரா போவதற்கு முன்னால் தானே தவழ்ந்து போய்ப் பார்த்துவிடுவாள். முழங்காலில் சிராய்ப்பும் தலையில் ஒட்டடையுமாக வீட்டுக்கு வருவாள். பேய் மாளிகை என்றார்கள். காற்று புகுந்து ஊளையிடும் ஓட்டையைக் காட்டினாள். புதையல் என்றார்கள், உடைந்த சட்டிகளைக் காட்டினாள். டிரைவருக்குப் பெருமையில் தலைகால் புரியாது. அவள் சுரங்கத்தின் பக்கம் திரும்பியபோதுதான் அந்தப் பேச்சு வந்தாலே நழுவ ஆரம்பித்தார்.

"அப்பா, நான் உள்ள போய்ப் பாத்துட்டேன். கொஞ்ச தூரத்துல பாறை. அதுக்கு மேல வழியே இல்ல. உங்கள கேமரா முன்னாடி கேக்கணும். சங்கடமா இருந்தா விட்டுடறேன்."

மாட்டேன் என்றால் ஊர் சிரிக்குமே! "பேட்டிதானே, வெச்சுக்கலாம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கோட்டை வாசலில் நாற்காலி போட்டு, சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுகிற குரலில் மகள் ஆரம்பித்தாள்.

"நீங்க போனப்ப பாறை இல்லையா?"

"இல்லம்மா. அப்புறமா மேலேர்ந்து விழுந்திருக்கும்."

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்! மர்மம் இன்னும் தீரலன்னு சொல்லி முடிச்சிடலாம்."

தலை தப்பியது என்று டிரைவர் மூச்சு விட்டார். மகள் இடத்தை விட்டு அசையவில்லை.

"விழுந்த பாறைன்னா உடைஞ்சு கிடக்கணுமே? இது மலையோட ஒட்டின பாறை. உளி செதுக்கின தடம் அதுலயே நின்னுபோயிருக்கு. தோண்ட ஆரம்பிச்சவங்க பாதியிலயே விட்டுட்டாங்க. அப்படின்னா நீங்க எந்த வழியா வெளிய வந்தீங்க?"

அப்பா ஆயிற்றே என்று இம்மியளவு கூட விட்டுக்கொடுக்கவில்லை! கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்கு நெஞ்சு விம்மியது. எப்பேர்ப்பட்ட கேள்வி! இதற்கு இன்னொரு புளுகைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"நான் உள்ளயே போகலம்மா. வாசல்ல எட்டிப் பாத்தேன். இருட்டுக்குப் பயந்து ஓடி வந்துட்டேன்."

அவள் கேமராவை நிறுத்தச் சொன்னாள். அப்புறம்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் டிரைவர் முடிவெட்டும் கடைக்குப் போனார். உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன டிரைவரே, பெத்த பொண்ணே மானத்த வாங்கிட்டாளே?"

"நாப்பது வருஷமா உங்க அத்தன பேர் காதுலயும் பூ சுத்தினவன்யா நான்" என்றார் அவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "ஒருத்தனாவது கண்டுபிடிச்சீங்களா? என்னைப் பிடிக்க என் பொண்ணுதான் வர வேண்டியிருந்துச்சு!"