முத்திரை உடைந்த டப்பா

பெண்டர் கிரீக் தானியக் கிடங்கின் எடைமேடையில் மர்லிஸ் உட்கார ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷமாகிறது. கோதுமை லாரி மேடையேறி நின்றால், திரையில் எண் ஆடாமல் நிற்கும்வரை அவள் சீட்டில் பேனா வைக்க மாட்டாள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

"மர்லிஸ், அது கோதுமை, வைரம் இல்ல!"

"வைரமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன். கோதுமைக்குத்தானே நீங்க சண்டைக்கு வருவீங்க."

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு தராசு. கார் கொட்டகையின் மூலையில் ஒரு மேசை, தோட்டா அழுத்தும் ஒரு கைநெம்பு, பூட்டுப் போட்ட அலமாரி. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, அடியில் புது வெடிப்பொட்டு பதித்து, வெடிமருந்தை நிறுத்து ஊற்றி, குண்டை அழுத்திப் புதுத் தோட்டாவாக்குவாள். புருஷன் டாய்லுக்கும், நாத்தனார் வெல்டாவுக்கும், அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் பதினைந்து வருஷமாக அவள் கைத் தோட்டாதான். ஒன்றுகூட வெடிக்காமல் போனதில்லை. பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு, எந்த நாளில், எந்த டப்பாவிலிருந்து, எவ்வளவு என்று ஏழு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள். இந்தத் தாலுகாவில் வேறு யாரிடமும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. அது அலமாரிக்குத் திரும்பிப் பூட்டிய பிறகுதான் அடுத்தது வெளியே வரும்.

2021-இல் மொண்டானா மாநிலம் முழுக்க வெடிமருந்துக்குப் பஞ்சம் வந்தது. கடைகளில் அலமாரி காலி. கதவு திறக்குமுன்பே வாசலில் ஆட்கள் கையில் காப்பியோடு வரிசை நின்றார்கள். வருஷக்கணக்காகப் பேசாதவர்களெல்லாம் போன் பண்ணி நலம் விசாரித்துவிட்டு, "அப்புறம்... ஒரு டப்பா மிச்சம் இருக்குமா?" என்று இழுத்தார்கள்.

பார்த்து அந்த வருஷம்தான் வெல்டாவுக்குச் சுருள்கொம்பு மலைக்கடா ஒன்றைச் சுடக் குலுக்கலில் அனுமதி விழுந்தது. இருபத்தாறு வருஷம் மனுப் போட்டு, ஒவ்வொரு வருஷமும் இல்லை என்று வந்த குலுக்கல். செப்டம்பர் நடுவில் மலை வேட்டைக்குத் திறக்கிறது. அவள் துப்பாக்கிக்கு மர்லிஸ் வழக்கமாக ஊற்றும் மருந்து போன சீசனோடு தீர்ந்திருந்தது. பதினோரு கடைக்குப் போன் போட்டாயிற்று. கடைசியில் கிரேட் ஃபால்ஸ் நகரில் விடியற்காலை வரிசையில் நின்று ஒரு டப்பா வாங்கி வந்தாள். வேறு மருந்து. முத்திரை உடையாதது. இந்தத் தோட்டாவுக்கு அதை எவ்வளவு ஊற்றலாம் என்று கையேட்டில் அச்சிட்ட அளவும் இருந்தது. ஆனால் அவள் அதை ஊற்றிப் பழகியதில்லை. மிச்சமிருந்த வெடிப்பொட்டுகளை எண்ணினாள்: முப்பத்து நான்கு. சோதனைக்கும் அதிலிருந்துதான், மலைக்கும் அதிலிருந்துதான்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெல்டா கொட்டகைக்குள் வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, பண்ணை வேலையில் காய்த்த கை. கையிலிருந்ததை மேசைமேல் 'டொக்'கென்று வைத்தாள்.

"இந்தா. ஊரெல்லாம் அலைஞ்சியே, என் வீட்டுப் பரண்ல இருந்துச்சு. நீ தேடின அதே மருந்து."

அதே மருந்துதான். அதே டப்பா, அதே பெயர். பக்கத்தில் ஒட்டிய வெள்ளை நாடாவில் ஆர்லனின் சாய்ந்த கையெழுத்து: 'நல்லது. 2016.' ஆர்லன் வெல்டாவின் புருஷன். போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. மூடியைச் சுற்றியிருக்க வேண்டிய முத்திரை இல்லை.

"திறந்திருக்கே, வெல்டா."

"திறக்காம எப்படி நிரப்புவாரு? மந்திரத்தாலயா?"

மர்லிஸ் சிரித்தாள். ஆனால் கட்டைவிரல் மூடியின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தது. அந்த டப்பாவை வெல்டா கண்முன் தள்ளிவைக்க அவளுக்குக் கை வரவில்லை. "இருக்கட்டும், பார்க்கறேன்" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை கொட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கறுப்புக் குச்சிகள், ஒரே நீளம், ஒரே பளபளப்பு. முகர்ந்தாள். கெட்ட வாடை இல்லை. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் அவளைப் படுத்தியது. வேகமாக எரிகிற மருந்தும் மெதுவாக எரிகிறதும் கண்ணுக்கு ஒரே குச்சிதான்; வேகமானது கலந்திருந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். ஒரு தடவை ஆர்லன் தன் கொட்டகையில் புனல் வைத்து, பாதி டப்பாவை இன்னொரு பாதி டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார். "இடம் அடைக்குது மர்லிஸ்" என்றார். இரண்டும் ஒரே மருந்தா என்று அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை. எந்த வருஷம் என்றும் நினைவில்லை. அது இந்த டப்பாவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சுடும்போது வெல்டாவின் கன்னம் துப்பாக்கிக்கட்டையில் பதிந்திருக்கும். வலக்கண்ணுக்கும் அந்த வெடிப்புக்கும் நடுவே நாலு விரல் இரும்பு.

அந்த டப்பாவிலிருந்து நிரப்ப மாட்டேன் என்று மர்லிஸ் வெல்டாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

"என் புருஷன் எழுதினது பொய்ங்கறியா?"

"பொய்யுன்னு சொல்லல. எனக்குத் தெரியலைன்னு சொல்றேன்."

"உனக்குத் தெரியலைன்னா விடு. நாளைக்கு ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். பக்கத்துப் பண்ணை நார்வல் நிரப்பித் தர்றேன்னான். அவன் ஒண்ணும் உன்னை மாதிரி நடுங்க மாட்டான்."

நார்வல் நடுங்க மாட்டான்தான். அவனிடம் நோட்டும் கிடையாது.

அன்று ராத்திரி டாய்லிடம் கேட்டாள். "அக்காவுக்கும் உனக்கும் நடுவுல என்னை இழுக்காதே" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து, "எங்கக்காவுக்கு ரெண்டு கண்ணும் வேணும்" என்று மட்டும் சேர்த்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மர்லிஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். பழசான மருந்தை இங்கே எல்லாரும் புல்லுக்குத்தான் தூவுவார்கள், உரமாகும் என்று. அவள் வேலியோரமாக நடந்துகொண்டே தூவினாள். பாதியில் ஒருதரம் நின்றாள். நல்ல மருந்தாக இருந்தால்? இந்தப் பஞ்சத்தில், செத்தவர் விட்டுப்போன நல்ல மருந்தாக இருந்தால்? மீதியையும் தூவினாள். நாடா கிழியாமல் டப்பாவைத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

வெல்டா வந்து டப்பாவைத் தூக்கினாள். எடை இல்லாததில் கை மேலே போனது.

"என்ன பண்ணினே?"

"கொட்டிட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா விட்டிருக்க மாட்டீங்க."

வெல்டாவின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "இருபத்தாறு வருஷம்! உனக்கு நான் என்னடி பண்ணினேன்?"

"துப்பாக்கியைக் குடுத்துட்டுப் போங்க. பத்து நாள் குடுங்க. நான் வாங்கின மருந்தை ஊத்தி, முதல்ல என் கன்னத்தை வெச்சுச் சுடறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நார்வல்கிட்ட போங்க."

வெல்டா வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். காலி டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை, ஊருக்கு வெளியே ஜல்லிக்குழி. கையேட்டின் மிகக் குறைந்த அளவில் மூன்று தோட்டா, பிறகு கொஞ்சம் கூட்டி மூன்று, இன்னும் கூட்டி மூன்று. ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் கூட்டை எடுத்து, அழுத்தம் மிஞ்சிப் பொட்டின் ஓரம் தட்டையாகியிருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்காவது படியில், கூட்டை வெளியேற்றும் போல்ட்டைத் தூக்கும்போது ஒரு இறுக்கம். இருந்ததா, பயத்தில் அப்படித் தோன்றியதா? இன்னும் ஏறலாம் என்று புத்தகம் சொன்னது. துப்பாக்கி போதும் என்று சொன்னமாதிரி இருந்தது. அவள் துப்பாக்கி சொன்னதைக் கேட்டு மூன்றாவது படிக்கே இறங்கினாள். இலக்கில் மூன்று ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிய படி அதுதான். மலைக்குப் பத்தை ஒதுக்கி, மிச்சப் பொட்டையெல்லாம் இருநூற்றைம்பது கஜம்வரை சுட்டுப் பார்த்தே தீர்த்தாள்.

பத்துத் தோட்டாவை வெல்டாவிடம் கொடுக்கும்போது சொன்னாள்: "இருநூத்தம்பது கஜம். அதுக்கு மேல சுட்டுப் பார்க்க எங்கிட்ட பொட்டு இல்ல. அதனால அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

"பழைய மருந்துல முந்நூத்தம்பது போவேன்."

"தெரியும்."

வெல்டா மலையேறினாள். இரண்டு நாள் தகவல் இல்லை. மர்லிஸ் எடைச்சீட்டில் தேதியைத் தப்பாக எழுதினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. மூன்றாம் நாள் மதியம், பார்லி லாரி ஒன்று மேடைமேல் நிற்கையில் போன் அடித்தது. காற்றின் இரைச்சலுக்குள் வெல்டா.

"பார்த்தேன். முழுச் சுருள் கொம்பு. முந்நூத்தி நாப்பது கஜம். அசையாம நின்னான் பாவி."

"சுட்டீங்களா?"

"நீதான் அளந்து குடுத்திருக்கியே, தையக்காரி மாதிரி." மூச்சு வாங்கியது. "போயிட்டான். மேகம் இறங்குது. கீழேருந்து சுத்திப் போகணும். போன் பண்ணாதே."

மறுநாள் முழுக்க ஒன்றுமில்லை. மலைமேல் பனி விழுகிறது என்று வானொலி சொன்னது. மர்லிஸுக்குச் சோறு இறங்கவில்லை. கால் வழுக்கியிருப்பாளோ, மூன்றாம் படியே அதிகமோ, கொட்டகையில் ஒரு தோட்டாவுக்கு இரண்டு தரம் ஊற்றிவிட்டோமோ. பத்தையும் தனித்தனியாக நிறுத்துக் குறித்த பக்கத்தை எடுத்து நாலு தடவை படித்தாள். பத்து வரியும் சரியாக இருந்தது. சரியாக இருந்தும் ஐந்தாம் தடவை படித்தாள்.

ஐந்தாம் நாள் காலை, எடைமேடையில் இருக்கையில் போன் வந்தது.

"ரெண்டு கண்ணும் இருக்கு. எண்ணிப் பார்த்துட்டேன்."

மர்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கடா?"

"நூத்தித் தொண்ணூறு கஜம். ஒரே வெடி. போல்ட்டு வெண்ணெய் மாதிரி திறந்துச்சு. டாய்லைக் கழுதையோட அனுப்பு, என்னால இதைத் தனியாச் சுமக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆர்லன் மருந்தா இருந்தா பார்த்த அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அதுவும் நல்ல மருந்துதான்."

"இருந்திருக்கலாம்" என்றாள் மர்லிஸ்.

"இருந்துச்சு."

மர்லிஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடைச்சீட்டை எடுத்தாள். வெல்டாவும் போனை வைக்கவில்லை. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.