தடிமன் குறையட்டும்

ஆஸ்பத்திரி விறாந்தையில் மச்சான் தன் மனைவியை, என் கூடப்பிறந்த ராத்தாவை, அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புறங்கையால் அடித்தார். அவளுடைய தலை சுவரில் போய் மோதியது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்து இரத்தம் முந்தானையில் சொட்டியது. வாட்டுக்குள் அவளுடைய மூன்று வயது மகன், முகத்தில் ஒக்சிசன் மூடியோடு, விலா எலும்புகள் குழியக் குழிய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். நியூமோனியா.

கொஞ்ச நேரத்துக்கு முன்னர்தான் டொக்டர் கேட்டிருந்தார்: "ஆஸ்துமா முட்டு இருக்கிற பிள்ளைக்கு அந்த ஊசியைப் போடச் சொல்லி எத்தனை மாதம்? சளித் தடிமனுக்காக யார் நிற்பாட்டச் சொன்னது?" ராத்தா தரையைப் பார்த்தபடி, "நான்தான்" என்றாள்.

"புள்ளய மவுத்தாக்கப் பாத்தியா? செல்லுடி!" என்று கத்திக்கொண்டே மச்சான் மறுபடியும் அடித்தார். தாதியும் காவலாளியும் சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். நாலடி தள்ளி நான் நின்றேன். அந்த அடி எனக்கு விழவேண்டியது.

வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போனபோது ராத்தா ஏழாம் வகுப்பில் இருந்தாள். மறுவாரமே ஆலங்குடாவில் கருவாடு போடும் வாடிக்கு மீன் வெட்டப் போனாள். கத்தியும் உப்பும் அவளுடைய விரல்களைத் தின்ன, நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். அதை இன்றும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். அதற்குப் பிறகு எந்தக் கடுதாசி வந்தாலும் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. நானும் அந்த மரியாதைக்கு நன்றாகவே பழகிவிட்டேன்.

பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே முட்டு வந்துவிட்டது. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் மாதங்களில், மிளகாய்த் தோட்டங்களில் மருந்தடிக்கும் நாட்களில், யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் அவன் திணறுவான். புத்தளத்தில் பார்த்த சிறுபிள்ளை வைத்தியர், இப்படிப்பட்ட பிள்ளைகளை நியூமோகொக்கஸ் கிருமி பிடித்தால் மற்றப் பிள்ளைகளை விடக் கடுமையாக வருத்தும் என்று சொல்லி, அதற்கான தடுப்பூசிக்குக் கடிதமும் ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார். காய்ச்சல் கடுமையாக இருந்தால் ஊசியை ஒத்திவைக்கும்படி அதில் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. மிச்சத்தை, ராத்தாவுக்கு வாசித்துச் சொல்லும்போது நான் சேர்த்தேன்.

"மூக்கு ஒழுகுதே ராத்தா, தடிமன் குறையட்டும்" என்றேன்.

"படிச்சவள் நீ செல்லக்குள்ள நான் என்னத்தச் செல்ல?" என்று சிரித்துக்கொண்டே அவள் பிள்ளையின் புதுச் சட்டையைக் கழற்றினாள்.

மூன்று தடவை அவனைக் குளிப்பாட்டி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். மூன்று தடவையும் நான் மறித்தேன். தடிமன் இல்லாத நாள் அந்தப் பிள்ளைக்கு எங்கே இருந்தது? அதை நான் யோசிக்கவே இல்லை.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தான். அன்று பின்னேரம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மச்சானிடம் போய்ச் சொன்னேன்: "ஊசிய நிப்பாட்டினது நான், மச்சான். ராத்தா இல்ல."

அடி வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள, ஏதோ செல்லியிருப்பாய். பெத்தவளுக்கு எங்க போச்சு புத்தி?" என்று எழும்பி, என்னைத் தாண்டிப் போய், அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ராத்தாவின் கூந்தலைப் பிடித்தார்.

நான் படித்தது என்னைத்தான் காப்பாற்றியது. அவளைக் காப்பாற்றவில்லை. அதை அந்த நொடியில்தான் கண்டேன். ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டில் பல் எலும்பில் முட்டும்வரை கடித்தேன். அவர் என்னை உதறி எறிந்தார். அம்மியில் விழுந்து என் முன்பல் உடைந்தது. ராத்தா எழுந்தாள். கையில் மீன் கத்தி, அதில் செதிள்.

"தங்கச்சிய இன்னொருக்காத் தொட்டீங்க, வெட்டிப் போடுவன். என்னத் தொட்டாலும்தான்."

இரண்டாவதைச் சொல்லும்போது அவளுடைய குரல் நடுங்கியது. தனக்காக அவள் பேசி நான் கேட்ட முதல் சொல் அது. மூன்று பேரும் கத்திய கத்தலில் உள்ளே பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தச் சீழ்க்கைச் சத்தம் கேட்டதும் கத்தி கீழே விழுந்தது. மச்சான்தான் முதலில் ஓடினார், இரத்தம் வடியும் கையால், மூச்சுக்கு அடிக்கும் பம்பைத் தேடிக்கொண்டு.

ராத்தாவும் மகனும் இப்போது எங்கள் வீட்டில் என்னோடு இருக்கிறார்கள். மச்சான் வெள்ளிக்கிழமைகளில் வந்து, படலைக்கு வெளியே நின்று மகனோடு கதைத்துவிட்டுப் போவார். உள்ளே வரச்சொல்லி ராத்தா இன்னும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். முட்டு போகவில்லை, அது அந்த ஊசிக்குப் போகிற வருத்தமும் அல்ல. பம்பு அவனுடைய பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. ஆனால் ஊசி போட்ட அன்றைக்குப் பிறகு அவனுக்கு நியூமோனியா வரவில்லை.

நியூமோனியா ஒரு முறை வந்தாலும் ஊசி தேவைதான், அந்தக் கிருமியில் பல வகை உண்டு என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த நாட்களிலேயே, உடம்பு தேறியதும் புத்தளத்துக்குக் கொண்டுபோனோம். அன்றும் அவனுக்கு மூக்கு ஒழுகியது. "தடிமனா?" என்று தாதி கேட்டார். ராத்தா பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் செல்ல மாட்டன். அவங்களக் கேளு ராத்தா" என்றேன்.

அவள் தாதியின் பக்கம் திரும்பினாள். "தடிமன் இரிக்கி மிஸ். காய்ச்சல் இல்ல. போட ஏலுமா?"

"ஓம், போடலாம்."

அவனை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். ஊசி ஏறியதும் அவன் என் வயிற்றில் உதைத்தான், முகத்தைப் பிறாண்டினான், வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் சேர்ந்து அழும்படி கூக்குரலிட்டான். அவ்வளவு பெரிய சத்தத்துக்கு அவனிடம் மூச்சு இருந்தது.