பெட்டிக்கு அடியில் ஒரு கோடு

தஞ்சாவூரில் நானும் என் அலுவலக மூத்தவர் ஒருவரும் நிரல் எழுதி வாய்க்கால்களின் நீர்மட்டத்துக்கு வரைபடம் போட்டோம். ஒரே பக்கத்தில் ஆறு சிறு படங்கள். எந்த நிறம் எந்த வாய்க்கால் என்று சொல்லும் லெஜண்ட் பெட்டியை அவர், தடித்த மூக்குக்கண்ணாடி திரையில் இடிக்கக் குனிந்து, எந்தக் கோட்டிலும் படாமல் வைப்பார். ஒருநாள் கடைசிப் படத்தில் மட்டும் பெட்டி ஒரு கோட்டை மறைத்திருந்தது.

"நகர்த்திடவா சார்?" என்றேன்.

"வேண்டாங்க."

அதற்குள் நகர்த்திவிட்டேன். நீலக் கோடு ஒன்று சீராக ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க ஊரு வாய்க்கால். தினம் அளவெடுத்து போன்ல அனுப்புனது என் தம்பி. போன மாசம் அதுலயே முழுகிப் போயிட்டான். அளவு மட்டும் நிக்காம வருதுங்க."

"வேற யாராவது அனுப்புறாங்களா?"

"போனும் அவனோடயே போயிடுச்சுங்க."

அந்த எண்களை அவரே உள்ளிட்டாரா என்று கேட்க எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.