டோரின் போட்ட ஆட்டின் ஏழு

டோரின் ப்ரூவிட்டின் முகம் யாருக்கும் தெரியாது. கை மட்டும் உலகப் பிரசித்தம். ஃப்ரீமாண்ட் தெருவில் காப்பர் லேண்டர்ன் சூதாட்ட விடுதி இருக்கிறதே, அதன் போக்கர் சீட்டாட்ட அறைச் சுவரில் பெரிதாக ஒரு படம். நடுவில் ஒரு பஸ் டிரைவர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் எம்மெட் கோல்டரின் பாதி முகம். மீதிப் பாதியைப் படத்துக்குச் சட்டம் அடித்தவன் வெட்டிவிட்டான், பாவி. கீழே ஓரத்தில் பச்சைக்கல் மோதிரம் போட்ட ஒரு கை, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழின்மேல் இன்னும் விரலை எடுக்காமல் இருக்கும். அந்தக் கைதான் டோரின்.

அந்த வருஷத்து சாம்பியன் பட்ட இறுதி ஆட்டத்துக்கு விடுதி சார்பில் சீட்டுக் கலைத்துப் போட்டவள் அவள். ஒரு பக்கம் எம்மெட். பிழைப்பு, தூக்கம், சண்டை எல்லாமே அந்தத் தெருவின் மேஜைகளைச் சுற்றித்தான் அவனுக்கு. எதிரே நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ட்ரெவர், கம்ப்யூட்டரில் ஆட்டம் கற்றுக்கொண்டவன். ட்ரெவர் கையில் இரண்டு ஏழு வைத்துக்கொண்டு, தன் பந்தய வில்லை அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டான். எம்மெட்டிடம் இரண்டு ராஜா. இன்னொரு ஏழு வந்தால்தான் ட்ரெவர் பிழைப்பான், சீட்டுக்கட்டில் மிச்சம் இருந்ததோ இரண்டே ஏழு. நடுவில் நாலு சீட்டு விழுந்தது, ஒன்றும் உதவவில்லை. இனி ஒரே சீட்டுதான் பாக்கி. எம்மெட்டின் கூட்டாளிகள் அவன் முதுகில் தட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். டோரின் வழக்கம்போல மேல்சீட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் திருப்பினாள். ஆட்டின் ஏழு.

எம்மெட் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

அப்புறம் என்ன, பஸ் டிரைவரே ஜெயிக்கும்போது நமக்கென்ன கேடு என்று நாடே கிளம்பி வந்துவிட்டது. பல் டாக்டர், குமாஸ்தா, காலேஜ் பையன், ஒருத்தர் பாக்கியில்லை. ஒரு மூலையில் முடங்கிக் கிடந்த போக்கர் அறை பெருத்துக்கொண்டே போனது. வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், மோதிரத்தைப் பார்ப்பார்கள், வாயைப் பிளப்பார்கள்.

"மேடம், உங்க கையோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"மூஞ்சி வேண்டாமா?"

"இல்லீங்க, கை போதும்."

நாடி பார்க்க நீட்டுவதுபோல அவளும் கையை நீட்டுவாள்.

எம்மெட் விஷயம் வேறு. அங்கே சீட்டுப் போடுகிறவர்கள் அரை மணிக்கு ஒரு மேஜை மாறுவார்கள். டோரின் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டதுமே எம்மெட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். நேரே எதிர் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிற ஃபே அவனைக் கண்டதும், "டோரின் வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே ஆப்பிள் பை பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டுவாள். அரை மணி கழித்துத் திரும்பி வருவான். பத்து வருஷம், பதினைந்து வருஷம், அதற்கு மேலும் இதே கூத்து. அவனைப் பார்த்து மற்ற பழைய ஆட்டக்காரர்களும் ராசி கெட்டவள் என்று எழுந்தார்கள்.

ஜெயித்தவன் ஒரு வில்லையை சீட்டுப் போட்டவளுக்குத் தள்ளுவது வழக்கம், அவளுக்கு அதுதான் சோறு. ஆள் எழுந்து போனால் அதுவும் போச்சு. ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது அதற்காக இல்லை. புருஷன் ஓடிப்போன வாரம் வீட்டுக்கு வந்து, கேட்காமலே கதவுப் பூட்டை மாற்றிக் கொடுத்தவன் இந்த எம்மெட். அன்றைக்கு "நீ, வா" என்று பேசிக்கொண்டிருந்தவள் இப்போது "மிஸ்டர் கோல்டர்" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

வேலையை விடுகிற வாரம் வந்தது. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரே ஒரு ஆட்டம் அந்த மனுஷன் எழுந்திருக்காமல் இருக்க வேண்டும். ஃபேயிடம் மட்டும் சொன்னாள்.

"போய் நேராக் கேளேன்."

"கேட்டு உக்கார வெச்சா அது உக்காந்ததா?"

கடைசி நாள், மத்தியானம். டோரின் எம்மெட்டின் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்தாள். பழைய ஆள் இரண்டு பேர் எழுந்தார்கள். எம்மெட் தொப்பியைத் தொட்டான். தொட்ட கையை எடுத்துவிட்டான்.

அவள் சீட்டைக் கலைத்தாள். இன்னும் உட்கார்ந்திருந்தான்.

"கால் வலியா, மிஸ்டர் கோல்டர்?"

"கால் நல்லாத்தான் இருக்கு. ஆப்பிள் பை தீந்துபோச்சாம்."

எதிரே ஒஹையோ பல் டாக்டர் ஒருவர், அவள் கை அச்சடித்த பனியனோடு. ஆட்டம் எம்மெட்டுக்கும் அவருக்கும் என்று வந்து நின்றது. நாலாவது சீட்டு வரை எம்மெட்தான் மேலே. கடவுளே, இன்றைக்கு மட்டும் வேண்டாம். மேல்சீட்டை ஒதுக்கிவிட்டு ஐந்தாவதைத் திருப்பினாள். ஏதோ ஒரு ஸ்பேடு நாலு. பல் டாக்டருக்கு வேண்டியது அதுதான்.

பல் டாக்டர் வில்லைகளை அள்ளிக்கொண்டு, வழக்கப்படி ஒன்றை அவளிடம் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வில்லை வந்து அவள் விரலில் இடித்தது. எம்மெட் தள்ளியது.

"தோத்தவங்க குடுக்கிறதில்லையே."

"இது இன்னிக்கு ஆட்டத்துக்கில்ல. அன்னிக்குச் சொல்லாம கொள்ளாம எழுந்து போயிட்டேன்ல, அதுக்கு."

"அந்த ஏழு சீட்டை நான் போட்டேன்னுதானே போனீங்க?"

"நீ எங்க போட்ட? அது வந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருசம்?"

"ஒரு தடவை எழுந்துட்டேன். அப்புறம் எப்பிடி உக்கார்றதுன்னு தெரியல."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. முட்டாப் பயல்! வில்லையை மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிச் சட்டைப் பையில் போட்டாள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்து முதல் சீட்டை வீசினாள். அது மேஜையைத் தாண்டிப் போய்த் தரையில் விழுந்தது.

"ஒழுங்காப் போடும்மா," என்றான் எம்மெட். "ஊரே உன் கையைப் பாக்குது."

"வாயை மூடிட்டு உக்காரு, எம்மெட்."

அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.