பன்னிரண்டாவது சதுரம்

சென்ற சனிக்கிழமை என் மகள் என்னை வீட்டை விட்டுத் துரத்தினாள்.

அவளைக் கோபிக்காதீர்கள். அன்றைக்குத்தான் அவளுடைய ஏ.எல். பரீட்சை ரிசல்ட்ஸ் வரும் என்று கதை. விடிந்ததிலிருந்து நான் ஹோலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கதிரையில் இருந்தால் கால் ஆடுகிறது. எழுந்தால் காரணமில்லாமல் அலுமாரியைத் திறக்கிறேன்...

"அம்மா, சோதினை எழுதினது நான். நீங்க எங்கயாச்சும் போயிட்டு வாங்க," என்றாள் ஷாமினி.

போக ஓர் இடமும் இருந்தது. பக்கத்து வீட்டு சிவரூபி தாவரவியல் படித்தவள். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து புத்தளத்துக்கு வந்த குடும்பம். இப்போது வேலைக்காகச் சிலாபத்தில் எங்கள் பக்கத்தில் வந்து குடியிருக்கிறாள். தெதுறு ஓயா ஆற்றின் ஆழமில்லாத ஓரங்களில் என்னென்ன நீர்ச்செடி, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறாள். கூட நின்று எழுதும் பெண்ணுக்குக் காய்ச்சல்.

"வாறீங்களா அக்கா? எழுத்து வேலைதான்."

எழுத்து வேலை என்றால், பள்ளிக்கூட டீச்சர் நான் விடுவேனா?

வேலை இதுதான். கரையோரமாக நீளக் கயிறு. அதில் பன்னிரண்டு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் பிளாஸ்டிக் பைப்பில் செய்த சதுரச் சட்டத்தைத் தண்ணீரில் போட வேண்டும். சட்டத்துக்குள் எந்தச் செடி நூற்றுக்கு எத்தனை வீதம் என்று பார்க்க வேண்டும். கம்பு விட்டு ஆழம் அளக்க வேண்டும். "வேலம்பாசி நாற்பது, ஆம்பல் பத்து, ஆழம் ரெண்டடி" என்று அவள் சொல்வாள், நான் எழுதுவேன்.

"காலை அசைக்காதீங்க அக்கா. சேறு கிளம்பினா ஒண்டும் தெரியாது."

அசையாமல் நிற்பதா? நானா? அதுவும் அன்றைக்கா?

போன் சட்டைப் பைக்குள் செத்துக் கிடந்தது. அந்த வளைவில் சிக்னல் இல்லை. ஐந்தாவது சதுரத்தில் ஷாமினி அழுவதாகத் தோன்றியது. எட்டாவதில் சிரிப்பதாக. பத்தாவதில், மயங்கி விழுந்துவிட்டாள் என்றே முடிவுகட்டினேன்.

பத்து முடிந்ததும் சிவரூபி, பிடுங்கிய செடிகளைப் பைகளில் போட்டுப் பெயர் எழுத, நாங்கள் வந்த வள்ளத்துக்குப் போனாள். "கடைசி ரெண்டையும் நீங்களே பாருங்கோ அக்கா, இப்ப உங்களுக்குப் பழகிட்டுது," என்றாள்.

பதினொன்றை ஒழுங்காகப் பார்த்தேன். பன்னிரண்டு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். ஒரே பச்சை. பதினொன்றும் பச்சைதானே? அதே எண்களை, ஆழம் உட்பட, கீழே இன்னொரு தரம் எழுதினேன்.

பத்து விநாடி வேலை. பிறகு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறி, சிக்னல் தேடி ஒரே ஓட்டம்.

மகளின் மெசேஜ் வந்திருந்தது. "இன்னும் வரல்ல. சைட் வேல செய்யுதில்ல. கோல் எடுக்க வேணாம்."

இதற்குத்தானா ஓடினேன்?

வள்ளத்தில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது சிவரூபி தாளைப் பார்த்தாள். "பதினொண்டும் பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்கு என்ன?"

"ஓம், ஒரே மாதிரித்தான்," என்றேன்.

வாய் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டது... அவளும் அப்படியே நம்பினாள். வள்ளக்காரர் மரியதாஸிடம் திரும்பி, "அப்ப அண்ணை, அடுத்த கிழமை செடி பாக்க வாற ஸ்டூடண்ட்ஸை பன்னிரண்டுக்குப் பக்கத்தில இறக்குவம். ரெண்டடிதான். அதில ரெண்டு பேருக்கு நீந்தத் தெரியாது," என்றாள்.

பாணைக் கீழே வைத்தேன்.

"சிவா, நான் பன்னிரண்டைப் பாக்கல்ல," என்றேன். "சும்மா எழுதினேன்."

அவள் பன்னிரண்டாவது முடிச்சைக் கைகாட்டினாள். மரியதாஸ் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வள்ளத்தைத் தள்ளினார்.

கிட்டப் போனபோதுதான் தெரிந்தது. நான் கண்ட பச்சை வேலம்பாசியே இல்லை. ஆற்றில் மிதந்து வந்து தங்கிய ஆகாயத்தாமரை. மரியதாஸ் அதைக் கையால் விலக்கிக் கம்பை இறக்கினார். ஆளுயரக் கம்பு. அவர் முழங்கை நனைந்தது; கம்பு அடி தொடவில்லை.

"மண் அள்ளின குழி டீச்சர்," என்றார். "மேல பாத்தா ஒண்டும் தெரியாது. இறங்கினா ஆளையே காணக் கிடைக்காது."

வெயில் கொளுத்தியது. நான் அந்தத் தாளை ரப்பரால் அழிக்கப் போனேன். சிவரூபி கையைப் பிடித்தாள்.

"அழிக்கக் கூடாது. குறுக்க வெட்டிட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில கையெழுத்து வையுங்கோ. பிழை விட்டது தெரியோணும்."

வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பிள்ளைகளிடம் இப்படி எத்தனை கையெழுத்து வாங்கியிருப்பேன்?

அவள் கோபப்படவில்லை என்றுதான் இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். கோபப்பட்டாள். முன்னேஸ்வரம் சந்தி வரும்வரை ஆட்டோவில் என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போதுதான், "சொன்னீங்கள்தானே அக்கா. அது போதும்," என்றாள். போதுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ரிசல்ட்ஸ் பின்னேரம் வந்தது. மூன்று பாடமும் பாஸ். அவள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஷாமினி நிதானமாகத் தேநீர் ஊற்றிக் குடித்தாள். நான்தான் அழுதேன்.

இப்போதெல்லாம் பத்திரிகையில் "இத்தனை வீதம்" என்று எதையாவது படித்தால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வருகிறது — இதை எழுதியவர் அன்றைக்கு எங்கே ஓட அவசரப்பட்டாரோ?