தண்டனைப் பெட்டியின் கதவு

என் மகன் டென்மார்க்கின் இரண்டாம் நிலை ஐஸ் ஹொக்கி லீக்கில் விளையாடுகிறான். அந்த லீக்கில் ஆடுகிறவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகவேண்டியவர்கள். மகன் மின்சார வேலை செய்கிறான். பயிற்சியாளர் பகலில் பள்ளிக்கூட ஆசிரியர். மண்டபத்தில் ரிக்கெட் கிழிப்பது, நேரம் பார்ப்பது எல்லாமே பெற்றோரும் பழைய ஆட்டக்காரர்களும்தான். எனக்குத் தந்தது தண்டனைப் பெட்டியின் கதவு.

ஆட்டத்தில் தவறு செய்தவனை நடுவர் இரண்டு நிமிடம் வெளியே அனுப்புவார்; அவன் திரும்பும்வரை அவனுடைய அணி ஒருவர் குறைவாக ஆடும். அவன் போய் இருப்பதற்கு ஐஸின் ஓரத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அடைப்பும், அதற்குள் நீளமான ஒரு மர வாங்கும் உண்டு. அவன் வந்தால் கதவைத் திறந்து உள்ளே விடவேண்டும். நேரம் முடிந்ததும் திறந்து வெளியே விடவேண்டும். அவ்வளவுதான்.

பயத்தில்தான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். மேலே இருக்கையில் சும்மா இருந்து பார்க்க என்னால் முடியவில்லை. ஐஸைச் சுற்றி அடித்த பலகையில் யாராவது மோதும் ஒவ்வொரு தடவையும் எழும்பி நின்றுவிடுவேன். கையில் ஒரு வேலை இருந்தால் கொஞ்சம் தாங்கலாம் என்று நினைத்தேன். மனைவி ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள்; விழுந்து அடிபட்ட தலைகளை நிறையப் பார்த்தவள். “தலையிலை அடிபட்டவை எழும்பி நல்லாத்தான் கதைப்பினம். ஆனா கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேப்பினம். அதைத்தான் கவனிக்கவேணும்,” என்று ஒருமுறை சமைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாட்டின் மறுபக்கம், யூலண்டிலிருந்து பேருந்தில் வந்த அணியோடு ஆட்டம். வென்றால் அரையிறுதி, தோற்றால் அந்தப் பருவம் அதோடு முடிந்தது. மூன்றாவது, கடைசிப் பீரியட் தொடங்கி இரு பக்கமும் சமமாக இருந்தபோது, மகன் குனிந்து பக்கை, அந்தக் கறுத்த ரப்பர் வட்டை, மட்டையால் எடுக்கப் போனான். எதிர் அணிக்காரன் ஒருவன் பக்கவாட்டில் வந்து தோளால் இடித்தான். மகனின் ஹெல்மெட் பலகைக்கு மேலிருந்த கண்ணாடியில் அடிபட்டது. எனக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நடந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அவன் உடனே எழும்பினான். எழும்பியவன் வேறு யாரையோ, அடித்தவனைக்கூட அல்ல, மட்டையால் தட்டி விழுத்தினான். நடுவர் விசில் ஊதி அவனை என்னிடம் அனுப்பினார். கதவைத் திறந்தேன். வந்து வாங்கில் இருந்தான்.

பெட்டிக்குள் நாங்கள் கதைப்பதில்லை. அது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு. வீட்டிலும் நான் தமிழில் கேட்பேன், அவன் டேனிஷில் பதில் சொல்லுவான். அன்றைக்கு அவன் என்னைப் பார்த்து, தமிழில் கேட்டான்.

“அப்பா, இது எத்தினையாவது பீரியட்?”

“மூண்டாவது. ஏன், தலை நோகுதோ?”

“இல்லை.” ஐஸைப் பார்த்தான். “அம்மா எங்கை?”

“வேலைக்குப் போட்டா. நீதானே காலமை கொண்டுபோய் விட்டனீ?”

“ஓம் ஓம்,” என்றான். கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டான். பிறகு, “இது எத்தினையாவது பீரியட்?” என்று கேட்டான்.

மேலே ஓடிய மணிக்கூட்டைப் பார்த்தேன். பாதி நேரம்கூட மிச்சம் இல்லை. பயிற்சியாளர் ஐஸுக்கு அந்தப் பக்கம். கையைக் காட்டினேன், அவர் பக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நேரம் பார்க்கும் மனிதரிடம், “இவனுக்குச் சரியில்லை,” என்று டேனிஷில் சொன்னேன். சனங்களின் சத்தத்தில் அவருக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நேரம் முடிந்தது. மகன் எழும்பிக் கதவடிக்கு வந்தான். நான் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றேன். திறக்கவில்லை.

“அப்பா, திறவுங்கோ.”

“இல்லை. இரு.”

“நேரம் முடிஞ்சுது. திறவுங்கோ!” அதற்குப் பிறகு வந்ததெல்லாம் டேனிஷ், எழுத முடியாதது. எங்கள் அணியின் வாங்கிலிருந்து எல்லாரும் கத்தினார்கள். என் முதுகுக்குப் பின்னால் யாரோ கண்ணாடியில் குத்தினார்கள். எங்கள் பக்கம் ஒருவர் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் ஐஸ் பக்கம் கண்ணாடி இல்லை; கதவு திறக்காவிட்டால் பலகைக்கு மேலால் பாயலாம். அவன் எத்தனையோ முறை பாய்ந்திருக்கிறான். இந்த முறையும் காலைத் தூக்கிப் பலகையில் போட்டான். மற்றக் கால் வரவில்லை. அப்படியே சறுக்கி என் காலடியில் வந்து இருந்துவிட்டான். அந்த நேரத்தில்தான் எதிர் அணி கோல் போட்டது.

நடுவர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். என் டேனிஷ் முழுவதும் எங்கோ போய்விட்டது. “என்ரை மகன், என்ரை மகன்,” என்று தமிழில் சொன்னேன் போலிருக்கிறது. அணியின் முதலுதவிக்காரி ஓடிவந்து அவன் முன்னால் குந்தி, இது என்ன மாதம் என்று கேட்டாள். அவன் யோசித்து ஒகஸ்ட் என்றான். வெளியே பனி கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு மனைவி வேலை உடுப்போடேயே வந்தாள். அவனது கண்ணிமையை விரலால் உயர்த்திப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை, ஆனால் பலத்த அதிர்ச்சி, இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மனைவி அப்போதுதான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தோற்றுவிட்டோமா என்று கேட்க நினைத்தேன்; யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

தோற்றுத்தான் விட்டோம், அந்த ஒரு கோலால். பல கிழமைகள் மகன் திரைச்சீலை மூடிய அறையில் கிடந்தான். வெளிச்சம் கூடாது, கைத்தொலைபேசி கூடாது. அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வீடு முழுக்க நாங்கள் கால் நுனியில் நடந்தோம். அவன் திரும்ப வேலைக்குப் போவானா, ஏணியில் ஏறுவானா என்று ஒவ்வொரு காலையும் அவன் கோப்பையைப் பிடிக்கும் கையைப் பார்ப்பேன். பெட்டிக்குள் நடந்தது அவனுக்கு ஞாபகம் இல்லை. தோழர்கள் சொன்னதைத்தான் வைத்திருந்தான்: அப்பா கதவைத் திறக்கவில்லை, ஒரு கோல் போனது. என்னோடு அவன் கதைப்பது குறைந்தது.

வசந்தகாலத்தில் ஒருநாள், கழகம் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தான். நான் அவனுடைய அறைக் கதவடியில் நின்றேன். பலகையில் கால் போட்டுச் சறுக்கும் இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான்.

“எனக்கு என்ன நடந்ததெண்டே தெரியேல்லை,” என்றான்.

“எனக்குத் தெரிஞ்சுது.”

“நீங்கள் பயந்த மாதிரியே இல்லை.”

“பயந்துதான் நிண்டனான். அதிலை என்ரை கையைப் பார், நடுங்குது.”

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். கதிரையைக் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டான்.

கழகத் தலைவர் தொலைபேசியில் மிகவும் பண்பாகப் பேசினார். நான் செய்தது சரி, ஆனால் இனி குடும்பத்தவர் யாரும் அந்தக் கதவில் நிற்பது நல்லதில்லை என்றார். டாக்டர் அனுமதி தந்த பிறகு மகன் அடுத்த பருவத்தில் திரும்ப இறங்கினான். வேண்டாம் என்று நானும் மனைவியும் சொல்லிப் பார்த்தோம். அவனுக்கு இருபத்துநாலு வயது.

இப்போது நான் மண்டபத்து வாசலில் கோப்பி ஊற்றுகிறேன். அங்கிருந்து ஐஸ் தெரியாது. பலகை இடிபடும் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டால், வரிசையில் நிற்கிறவரிடம் யார் விழுந்தது என்று கேட்பேன். பெரும்பாலும் அவருக்கும் தெரியாது.