பதினொன்றாம் நம்பரை எப்போது வெளியே எடுப்பது

எனக்கும் என் அக்காவின் கணவருக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி, டிவியில் ஆடும் கால்பந்து விளையாட்டைப் பற்றியவை. சொன்னால் சிரிப்பார்கள். அத்தானுக்கு நாற்பத்து நான்கு வயது, எனக்கு முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பும் சோறும் உள்ளே போனபிறகு, ஊரில் மரியாதையானவர்கள் எல்லாம் குறட்டை விடும் நேரத்தில், நாங்கள் இருவரும் அவர் வீட்டு முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு கத்துவோம். இரண்டு பேரும் ஒரே அணி, எதிர் அணி கம்ப்யூட்டருடையது. "ரெண்டு கெழடும் பந்தடிக்க ஆரம்பிச்சிட்டு" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள்.

அணியை நடத்துவது என் பொறுப்பு. யார் ஆடுவது, யார் உட்காருவது, யாரை எப்போது மாற்றுவது, எல்லாம் நான்தான். அத்தானுக்கு அதிலெல்லாம் பொறுமை கிடையாது. அவருக்குப் பந்து வேண்டும், ஓட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயருக்குக் கீழேயும் ஒரு சின்னப் பட்டை உண்டு. தொடங்கும்போது பச்சையாக இருக்கும். ஓட ஓடக் குறைந்து மஞ்சளாகும், கடைசியில் சிவப்பு. சிவப்பானவனிடம் பந்தைக் கொடுத்தால் பாதி தூரத்திலேயே கோட்டை விடுவான், அடிபடுவதும் பெரும்பாலும் அவனுக்குத்தான். களைப்பே வேண்டாம் என்றால் செட்டிங்கில் அதை அணைத்துவிடலாம், பதினொரு பேரும் கடைசி விசில் வரை ஒரே வேகத்தில் ஓடுவார்கள். அத்தானுக்கு அப்படித்தான் வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. களைப்பு இல்லாமல் என்ன ஆட்டம்? அது பச்சைப் பிள்ளைகள் ஆடுவது. நான் களைப்பை வைத்து, ஆள் மாற்றத்தை ஆட்டோவில் போட்டு, அறுபதாவது நிமிஷம் என்று குறித்திருந்தேன். அறுபதைத் தாண்டி எவனுடைய பட்டை இறங்குகிறதோ, அடுத்து பந்து கோட்டுக்கு வெளியே போகும்போது அவன் வெளியே வந்துவிடுவான். பந்து வெளியே போனால்தான் மாற்ற முடியும், அதுவரை அவன் தள்ளாடிக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

அத்தானின் உயிர் பதினொன்றாம் நம்பரில் இருந்தது. இடது ஓரத்தில் ஓடும் ஆள். ஒவ்வொரு வாரமும் அறுபதுக்கு மேல் அவன்தான் முதலில் சிவப்பாவான், ஏனென்றால் அத்தான் அவனை விட்டு வேறு எவனையும் ஓடவிட மாட்டார்.

"ஏலே, கார்னர் கெடச்சிருக்கு. இப்பவா அவன வெளிய எடுக்கது?"

"நான் எடுக்கல அத்தான், ஆட்டோல எடுக்கு. அவனுக்கு மூச்சு இல்ல, பாக்கீயல்லா?"

"மூச்சு இல்லன்னு அவன் உங்கிட்ட வந்து சொன்னானா?"

ஒருநாள் நான் கை கழுவப் போன இடைவெளியில் பதினொன்றாம் நம்பருக்கு மட்டும் ஆட்டோவை அணைத்துவைத்துவிட்டார். எண்பதாவது நிமிஷத்தில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அதற்குள் மாற்று ஆட்கள் எல்லாம் தீர்ந்திருந்தார்கள். பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். எனக்கு வந்த கோபத்தில் கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, "ஒரு ஆளு தளந்துட்டான்னு கண்ணு முன்னால காட்டும்போது எடுக்காதவன் எல்லாம் என்னத்துக்கு டீம் நடத்துதான்?" என்று கேட்டேன். அப்படியேதான் கேட்டேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ஏனென்றால் வாரத்தின் மற்ற ஆறு நாளும் என் வேலையே அதுதான். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் டிரைவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எங்கள் டிரெய்லர் லாரிகள் யார்டுக்குக் கொண்டுவரும், ஏற்றுமதிப் பெட்டிகளைத் திரும்ப அங்கே கொண்டுபோகும். போய் வருவதற்குச் சுத்து என்று பெயர். எந்த லாரியில் எவர், எத்தனை சுத்து, எப்போது ஆள் மாற்றம் என்று போர்டில் எழுதுபவன் நான். அத்தான் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டினார். அக்காவைக் கட்டிக்கொடுக்கும்போது நான் அங்கே வேலையில் இல்லை. பின்னால்தான் அப்படி அமைந்தது.

எங்கள் யார்டு டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூக்கம் வருகிறது, கை ஓடவில்லை என்று வாய்விட்டு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த கப்பலுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் பாதி, வீம்பு பாதி. அதற்குப் பதிலாகத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வலப்பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவார்கள். இந்தப் பெட்டியை இறக்கியதும் என்னை மாற்று என்று அர்த்தம். வேலை பிரிப்பவன் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேறு ஆளை ஏற்றுவான். எந்தக் காகிதத்திலும் இது கிடையாது. ஆனால் யார்டுக்கு வரும் புது ஆள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது இதைத்தான்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு நாள் அத்தான் துண்டைக் கட்டினார். நான் உடனே மாற்றினேன். மறுநாள் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு நிற்கிறேன், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அக்கா புருசன்னா துண்டக் கட்டி முடிக்கதுக்குள்ள ஆளு மாறுது. நாம வேட்டிய அவுத்துத் தொங்கவிட்டாலும் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்தது. அது உண்மை இல்லை. யார் துண்டு கட்டினாலும் நான் மாற்றியிருக்கிறேன். உண்மை இல்லாத பேச்சுக்குத்தான் எனக்கு எப்போதும் கோபம் அதிகம் வரும். அன்றிலிருந்து அத்தான் விஷயத்தில் மட்டும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மற்றவர்களை உடனே மாற்றுவது, அவரைக் கொஞ்சம் பொறுத்து மாற்றுவது. நாலு பேர் பார்க்கட்டும், சொந்தக்காரன் என்று சலுகை இல்லை என்று தெரியட்டும். என்னை நேர்மையானவன் என்று எல்லாரும் நினைக்க வேண்டும், அதற்கு அவர் இரண்டு சுத்து கூடுதலாக ஓட வேண்டும். இதில் ஒரு தப்பும் எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் அத்தான் காலை ஆறு மணிக்கு வண்டி ஏறினார். இரண்டு மணிக்கு அவரை மாற்ற வேண்டியவர் வரவில்லை. கப்பல் சாயங்காலம் கிளம்ப வேண்டும். "ரெண்டு சுத்து பாத்துக்கிடுதேன்" என்று அத்தானே சொன்னார். மூன்று மணி வெயிலில் வரிசையில் அவருடைய லாரி வந்து நின்றபோது, நான் அதன் பின்பக்கம் வாக்கிடாக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். வலப்பக்கக் கண்ணாடிக் கம்பியில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு தொங்கியது. எங்கள் அக்கா துவைத்து மடித்துக் கொடுக்கிற துண்டு.

ஆள் இல்லாமல் இல்லை. ஓய்வுக் கொட்டகையில் ஒருவர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் வேட்டிக் கதை சொன்னாரே, அவரேதான். அவரைக் கூப்பிட்டு, "எங்க அத்தானுக்குப் பதிலா ஏறுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சுத்துதானே, போய்விட்டு வரட்டும், வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். போகலாம் என்று கையைக் காட்டினேன். துண்டு ஆடிக்கொண்டே லாரி வாசலைத் தாண்டிப் போனது.

அவர் துறைமுகம் வரை போய், பெட்டியை ஏற்றி, ஒழுங்காகத் திரும்பியும் வந்துவிட்டார். எங்கள் யார்டு வாசலுக்குள் திரும்பும் இடத்தில்தான் கண் சொருகிவிட்டது. விளக்குக் கம்பத்தைத் தாங்கும் கான்கிரீட் மேடையில் லாரியின் முன்பக்கம் நேராக ஏறியது. சத்தம் கேட்டு ஓடினோம். கதவை நெம்பித் திறக்க வேண்டியிருந்தது. வலது கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. அத்தான் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு போன் போடாத, பயந்துருவா" என்றார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்துக் கட்டினார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் விபத்துப் படிவம் கொடுத்தார்கள். வேலை பிரித்தவன் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: ஓட்டுநர் தமது களைப்பை முன்கூட்டியே தெரிவித்தாரா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெரிவிப்பது என்றால் வாயால் சொல்வதுதானே? அவர் வாயால் சொல்லவில்லை. துண்டு என்ன, அதிகாரப்பூர்வமானதா? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி, இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பத்து நாளில் முடிவு வந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு. டிரைவர் பட்டியலிலிருந்து அத்தானை எடுத்துவிட்டார்கள். கால் கூடினாலும் லாரி கிடையாது. இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனிதர்.

ஒன்றரை மாதம் கழித்து, "ஞாயித்துக்கெழம வாலே, போரடிக்கு" என்று அத்தானே கூப்பிட்டார். போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, மடியில் கண்ட்ரோலரை வைத்திருந்தார். நான் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன் செட்டிங்குக்குள் போய், அவருக்குத் தெரியாமல் களைப்பை அணைத்தேன். இத்தனை வருஷம் அவர் கேட்டு நான் கொடுக்காதது. பதினொன்றாம் நம்பர் இன்றைக்கு முழு ஆட்டமும் ஓடட்டும், அவர் சந்தோஷப்படட்டும். என்னால் செய்ய முடிந்த பரிகாரத்தின் லட்சணம் அதுதான்.

எழுபதாவது நிமிஷத்தில் அத்தான் ஆட்டத்தை நிறுத்தினார்.

"என்னல இது, இவன் தளரவே மாட்டேங்கான்?"

"களைப்ப ஆஃப் பண்ணியிருக்கேன் அத்தான். உங்களுக்கு அதான புடிக்கும்."

"ஆன் பண்ணு." டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தளராதவன வச்சி ஆடுனா அது ஆட்டமாலே?"

ஆன் பண்ணினேன். தப்பான பொத்தானை அழுத்தி, இரண்டு முறை உள்ளே போய்விட்டு வந்தேன். அப்போது அவர், ஏதோ பழைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்:

"அன்னைக்குக் கண்ணாடில உன்னத்தாம்ல பாத்துக்கிட்டு இருந்தேன். நீ துண்டப் பாத்த. பொறவு கொட்டகையப் பாத்த. பொறவு கையக் காட்டுன."

துண்டு கட்டியிருந்த அதே கண்ணாடி. அதில் பின்பக்கம் நிற்பவன் தெரிவான் என்பது, தினமும் நூறு லாரி பார்க்கிற எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"எறங்கி வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அத்தான்?" என்றேன். பழியை அவர் பக்கம் தள்ளப் பார்க்கிற என் குரல் எனக்கே கேட்டது.

"நீ காட்டுனா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். ஒரு சுத்துதானன்னு நெனச்சேன்." கண்ட்ரோலரை மடியில் திருப்பிப் போட்டார். "ஆபீஸ்ல என்ன எழுதிக் குடுத்த?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "நீங்க சொல்லலன்னு எழுதுனேன்" என்றேன்.

அக்கா வாசல்படியில் காப்பித் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. உள்ளே வந்து ஒரு தம்ளரை அவரிடம் கொடுத்தாள். என்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எழுதுனத மாத்தி எழுதிட்டு வா" என்றாள். "அது வரைக்கும் இங்கன வராத."

அத்தான் அவளைத் தடுக்கவில்லை. நான் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, முன்னறையில் விசில் சத்தம் கேட்டது. அவர் தனியாக ஆட்டத்தைத் தொடர ஆரம்பித்திருந்தார்.

இரவெல்லாம் என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. விளையாட்டில் பட்டை இருக்கிறது, மனிதர்களுக்கு இல்லை, அதனால்தான் தெரியாமல் போனது என்று இந்த ஒன்றரை மாதமும் எனக்குச் சமாதானம் சொல்லிவந்தேன். பட்டை இருந்தது. சிவப்பாகத்தான் இருந்தது. கட்டம் போட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் போய் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். ஓட்டுநர் களைப்பைத் தெரிவித்தார், நான் பார்த்தேன், மாற்று ஆள் இருந்தும் மாற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் அத்தானுக்கு லாரி திரும்பக் கிடைக்குமா, எனக்கு இந்த நாற்காலி மிஞ்சுமா என்பதெல்லாம் இன்னும் தெரியவில்லை. அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"தெரிவித்தார்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரிவித்தார்?"

"துண்டு கட்டினார் சார்."

"துண்டா?"

"ஆமா சார். துண்டுதான்" என்றேன். அவர் என் கையில் பேனாவைக் கொடுத்து, அதையும் எழுதச் சொன்னார்.